வீட்டு நாயின் முரட்டுத்தனமும் அதனைத் திருத்தும் வகையும்

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் உள்ள தெம்பனிஸ் நகருக்கு ஒரு மரத்தின் பெயரே பெயராக அமைந்தது. தெம்பினிஸ் எனப்படும் அம்மரம் இரும்பைப் போல் உறுதியானது. ஒரு காலத்தில் அவ்விடத்தில் மிகுந்து வளர்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மண்ணில் ரப்பர் மரங்கள் வரிசைபிடித்து நின்றன. பின்னர் மணல் தோண்டும் குழிகள் வந்தன. 1978ஆம் ஆண்டில் புதிய நகரை எழுப்பும் பணி தொடங்கிற்று. 1992இல் அந்நகர் உலகக் குடியிருப்பு விருதினையும் பெற்றது. இன்று மரங்கள் நின்ற இடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசைபிடித்து நிற்கின்றன.

அக்கட்டடங்களுள் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் நம் இளமைக்கால நண்பர் ஒருவர் குடும்பத்துடன் வாழ்கிறார். ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஓய்வுபெறும் வரையில் பால்மரம் சீவியவர். பள்ளி விடுமுறை ஒன்றில் நாம் அவர் வீட்டிற்குச் சென்றபோது, மின்தூக்கியின் கதவு திறக்குமுன்பே நாயின் குரைப்பொலி காதைத் துளைத்தது. வீட்டின் இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாழ்வாரத்தில் போவோர் வருவோர் அனைவரையும் நோக்கிப் பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தோமோ இல்லையோ, அதன் முன்னங்கால்கள் இரண்டும் நம் மார்பின்மேல் இருந்தன. புதுச் சட்டையின் பை கிழிந்தது. நண்பர் வெட்கத்தோடு சிரித்தார். அவருடைய துணைவியார் சிரிக்கவில்லை.

"அண்ணா, பக்கத்து வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போகிறவர். பகலில்தான் அவர் தூங்க வேண்டும். இரண்டு முறை வந்து நயமாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறை எழுத்தில் புகார் போகும். நாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் பிள்ளைகள் சோறு தின்ன மறுக்கிறார்கள்," என்றார் அந்த அம்மையார்.

நண்பரின் தாயார் எண்பது வயதை எட்டியவர். மூலையில் அமர்ந்திருந்த அவர், "தோட்டத்தில் எத்தனை நாய் வளர்த்தோம், தம்பி! எதற்காவது பாடம் சொல்லிக் கொடுத்தோமா? சோறு வைப்போம், அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த நாய்க்குத்தான் என்ன பேய் பிடித்ததோ!" என்று அங்கலாய்த்தார்.

மூதாட்டியாரின் கேள்வி மிகச் சரியான கேள்வியாகும். தோட்டத்து நாய்க்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆயினும் அது பெரும்பாலும் அடங்கியே இருந்தது. அடுக்குமாடி நாய் அடங்காதது ஏன்? இதற்கு விடை கண்டால் நாயைத் திருத்தும் வழியும் கிடைத்துவிடும்.

தோட்டத்து நாயின் ஒரு நாளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பெரட்டுக்குப் புறப்படும் எசமானரோடு அதுவும் இருட்டிலேயே புறப்படும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் அவர் மரம் மரமாகச் சீவிக்கொண்டு போக, அது வரிசைக்கு வரிசை முகர்ந்துகொண்டு ஓடும். காட்டுப்பன்றி கடந்துபோன தடம், பாம்பு, உடும்பு, அடுத்த லயத்து நாய் என அதன் மூக்குக்கு ஓயாத வேலை இருக்கும். அயலார் எவரேனும் வந்தால் அது குரைக்கும். 'கெட்டிக்கார நாய்' என்று பெயரும் வாங்கும். வெயில் ஏறியதும் வீட்டு நிழலில் உறக்கம். மாலையில் பிள்ளைகளோடு திடலில் ஓட்டம். குட்டிப் பருவம் முதற்கொண்டே நூறு மனிதர்களையும், மோட்டார் சைக்கிளையும், லாரியையும், மாட்டையும், கோவில் மேளத்தையும் அது கண்டும் கேட்டும் பழகிவிடும். ஆகவே அதற்கு யாரும் பாடம் சொல்லவில்லை என்பது முற்றிலும் சரியன்று. தோட்டமே அதற்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

அதே நாயை நான்கு சுவர்களுக்குள் அடைத்துவிட்டால் அதன் வேலை பறிபோகிறது; ஆனால் வேலை செய்யும் ஆவல் போவதில்லை. காவல் காப்பதற்கென்றே நம் முன்னோர் நாயை வளர்த்தார்கள். திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், மாடு பிடிக்க வந்தோரோடு பொருது மாண்ட வீரனுக்கு நடப்பட்ட கல் அது. அவன் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் செய்த வேலையைத்தான் ஒன்பதாம் மாடி நாயும் செய்கிறது. அங்கே கள்வர் இல்லை. கறிகாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

நாய் குட்டியாக இருக்கும்போது பெறும் பழக்கம் எத்துணை ஆழமானது என்பதை அமெரிக்க அறிஞர்களான ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். பிறந்து 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையிலான காலத்தில் குட்டி எவற்றோடு நல்லமுறையில் பழகுகிறதோ, அவற்றை அது வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அக்காலத்தில் மனிதரைக் காணாத குட்டி பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சும். நண்பர் வீட்டு நாய் கட்டடப் பணி நடந்த ஓரிடத்தில் திரிந்து, வளர்ந்த பின்னரே விலங்குநல அமைப்பு ஒன்றின் வழியாக வீட்டிற்கு வந்தது. தாழ்வாரத்தில் கேட்கும் காலடி ஓசை அதற்குப் புதிது. முரட்டுத்தனம் என்று நமக்குத் தோன்றுவதிற் பாதி அச்சமே என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நாமே கற்றுக்கொடுக்கும் தீய பாடங்கள்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றோர் அனைவரும் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞரின் பெயரைக் கேட்டிருப்பார்கள். 1898இல் அவர் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, அவை எவ்வாறு தாழ்ப்பாளைத் திறந்து வெளியேறக் கற்கின்றன என்று ஆராய்ந்தார். நற்பயன் தந்த செயல் மீண்டும் மீண்டும் செய்யப்படும். பயன் தராத செயல் மெல்ல மறையும் என்று கண்டார். பிள்ளைகளுக்குப் பொருந்துமென்று நாம் படித்துத் தேர்வெழுதிய அப்பாடம், நாய்க்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

தாழ்வாரத்தில் ஒருவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் தம் வீட்டிற்குத்தான் போனார். ஆனால் நாயின் கணக்கு வேறு. 'நான் குரைத்தேன், அவன் ஓடினான்' என்பதே அதன் கணக்கு. ஒரு நாளில் ஐம்பது பேர் நடந்தால் ஐம்பது வெற்றி. இதனிடையே வீட்டார் உள்ளிருந்து 'சும்மா இரு! வாயை மூடு!' என்று உரக்கக் கத்துகின்றனர். மொழி அறியாத நாய்க்கு, குடும்பமே தன்னோடு சேர்ந்து குரைப்பதாகத் தோன்றினால் வியப்பில்லை.

மேலே தாவும் பழக்கமும் இவ்வாறே வளர்கிறது. குட்டி தாவும்போது கொஞ்சுகிறோம். வளர்ந்தபின் தாவினால் கைகளால் தள்ளுகிறோம், திட்டுகிறோம். தள்ளுவதும் அதற்கு ஒரு விளையாட்டே. திட்டும்போதும் அதன் முகத்தைத்தானே பார்க்கிறோம்! அது வேண்டியதும் அந்தப் பார்வையே.

நண்பர் வீட்டில் மற்றோர் உண்மையும் புலப்பட்டது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடொன்றில் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிற்றின நாயாக இருத்தல் வேண்டும். நடுத்தர உயரமுள்ள நாட்டு நாய்களுக்கு முன்பு அங்கு இடமில்லை. 2012இல் தொடங்கிய 'அடோர்' என்னும் தத்தெடுப்புத் திட்டமே அவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் 50 சென்டிமீட்டர் உயரமும் 15 கிலோ எடையும் வரம்பாக இருந்தன. 2020 மார்ச்சில் உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டு, எடை வரம்பு நீக்கப்பட்டது. நாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி, தோலுக்கடியில் அடையாளச் சில்லு, உரிமம் ஆகிய அனைத்தும் வேண்டும். வளர்ப்போர் நன்னடத்தை நெறிக்கு ஒப்பமிட்டு, நாய்க்குக் கீழ்ப்படிதற் பயிற்சியும் அளித்தல் வேண்டும்.

நண்பரும் இவ்விதிகளை நிறைவேற்றியவரே. ஆனால் பயிற்சி வகுப்புக்கு மூத்த மகன் மட்டுமே நாயை அழைத்துச் சென்றான். அவன் 'உட்கார்' என்றால் நாய் உட்காரும். அவன் கல்லூரிக்குப் போய்விட்டால் வீட்டில் எஞ்சிய நால்வருள் எவர் சொல்லையும் அது கேட்பதில்லை. தாய் ஒரு சொல்லும், தந்தை ஒரு சொல்லும், தங்கை வேறொரு சொல்லும் பயன்படுத்தினர். பாட்டியாரோ எந்தச் சொல்லையும் பயன்படுத்துவதில்லை. நாய் குரைத்தால் அதன் வாயை அடைக்க ஒரு பிஸ்கட் போடுவார்! நாயைப் பயிற்றுவது என்பது குடும்பத்தைப் பயிற்றுவதே என்று பயிற்றுநர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். கேட்டவன் ஒருவன், கேளாதவர் நால்வர்.

'அடியாத மாடு படியாது' என்பது சரியா?

அடித்துத் திருத்தலாம் என்போர் நம்மிற் பலர். நாமும் ஒரு காலத்தில் வகுப்பறையில் பிரம்பைக் கையிற் பிடித்தவர்களே. ஆதலால் இதனைக் கூறும் உரிமை நமக்கு உண்டு. அடி, அந்தக் கணத்தில் செயலை நிறுத்தும். அதனாலேயே அடிப்பவருக்கு அது பயனுள்ளதாகத் தோன்றும். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பதை அடி கற்றுக்கொடுப்பதில்லை. சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அதில் தேய்த்தால், வீட்டுக்குள் கழிக்கக் கூடாது என்று அது கற்பதில்லை. இவர் கண்ணெதிரே கழிக்கக் கூடாது என்றே கற்கிறது. பிறகு கட்டிலுக்கடியில் தேட வேண்டியதாகிறது. உணவு முடிந்ததும், உறங்கி எழுந்ததும், விளையாடி ஓய்ந்ததும் குட்டியை வெளியே கொண்டுபோய், அது கழித்த அந்த நொடியிலேயே பாராட்டி ஒரு துண்டு உணவு கொடுப்பதே குறுக்கு வழி.

போர்ச்சுகல் நாட்டின் ஆராய்ச்சியாளர் சிலர், பரிசளித்துப் பயிற்றும் பள்ளிகளிலும் தண்டித்துப் பயிற்றும் பள்ளிகளிலும் இருந்த 92 நாய்களை ஒப்பிட்டு 2020இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் மிகுதியாக இருந்தன. உமிழ்நீரில் அழுத்தச் சுரப்பின் அளவும் பயிற்சிக்குப்பின் கூடியிருந்தது.

'ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பதுபோல, நாய்க்கு நாமே தலைவன் என்று பலத்தால் காட்ட வேண்டும்' என்றொரு கொள்கையும் உண்டு. ஒரே அடைப்புக்குள் சேர்த்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் ஷெங்கல் என்பார் எழுதியதிலிருந்து இது பரவியது. 1970இல் டேவிட் மெக் எழுதிய நூலும் இதனைப் பரப்பிற்று. ஆனால் காட்டு ஓநாய்களைப் பல்லாண்டுகள் கவனித்த அதே மெக் அவர்களே, ஓநாய்க் கூட்டமென்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளுமாகிய ஒரு குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். அறிஞரே கைவிட்ட கொள்கையை நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சட்டமும் இதில் குறுக்கிடுகிறது: மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஒன்பதாம் மாடியில் செய்யப்பட்டவை

பயிற்றுநரை மீண்டும் அழைத்தார்கள். இம்முறை ஐவரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

முதலில், இரும்புக் கதவின் கீழ்ப்பாதியை ஒரு பலகையால் மறைத்தார்கள். காண்பது குறைந்தால் குரைப்பும் குறையும். இது பயிற்சியன்று, பயிற்சிக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு. கதவுக்கு எதிர்ப்புறத்தில், சமையலறை ஓரமாக ஒரு பாயை விரித்து, நாயின் உணவு முழுவதையும் அங்கேயே கொடுத்தார்கள். பின்னர் இளைய மகள் தாழ்வாரத்தில் மெல்ல நடப்பாள்; காலடி ஓசை கேட்ட அக்கணமே, நாய் குரைக்க வாய் திறக்குமுன், உள்ளே இருப்பவர் 'பாய்' என்று அழைத்து நகத்தளவு வேகவைத்த கோழிக்கறியைப் பாயின்மேல் போடுவார். ஓசை முன்னே, உணவு பின்னே. இந்த வரிசை மாறக் கூடாது. உணவு வருமுன் ஓர் ஓசையைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, அந்த ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே வாயில் உமிழ்நீர் ஊறுவதை இரசிய அறிஞர் பாவ்லோவ் கண்டறிந்ததை நம்முள் பலர் பள்ளியில் படித்திருப்போம். அதே விதிதான் இங்கும். பகைவனின் வரவாக இருந்த காலடி ஓசை, உணவின் வரவாக மாறுகிறது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளொன்றுக்கு மூன்று வேளை. அதற்குமேல் நீட்டினால் நாயும் சலிக்கும், நாமும் சலிப்போம்.

கறித்துண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: குழம்பிலிருந்து எடுத்த கறி ஆகாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உப்பின்றி, மசாலையின்றி வேகவைத்ததே தக்கது.

தாவும் பழக்கத்துக்கு மருந்து எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். நாய் தாவினால் பேசாமல், பாராமல், தொடாமல் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் பட்டதும் குனிந்து தடவிக் கொடுக்க வேண்டும். வருகிற விருந்தினரும் அப்படியே செய்ய வேண்டும் என்பதால், நமக்கும் வாசலிலேயே பாடம் நடத்தப்பட்டது!

காலையும் மாலையும் அரைமணி நேரம், பெடோக் நீர்த்தேக்கக் கரையில் வாரில் பிடித்து நடை. (முன்னாளில் மணற்குழியாக இருந்த இடமே இன்று அந்த நீர்த்தேக்கம்.) நாயை இழுத்துக்கொண்டு விரையாமல், அது முகர விரும்பும் இடத்தில் முகர விட்டார்கள். மூக்கு வேலை செய்தால் நாய் களைக்கும். வெறும் ஓட்டத்தைவிட இது மேல். வாரை இழுத்தால் நின்றுவிட வேண்டும். வார் தளர்ந்தால் நடக்க வேண்டும். முதல் வாரத்தில் கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் கடக்கவே கால்மணி நேரம் ஆயிற்று என்று நண்பர் சொன்னார். உணவையும் கிண்ணத்தில் கொட்டி நொடியில் விழுங்க விடாமல், பழைய கைலியில் சுருட்டி வைத்து, தம் கண்பார்வையிலேயே தேடித் தின்ன விட்டார்கள். இழந்த வேலை சிறிதளவேனும் இவ்வாறு திரும்பக் கிடைத்தது.

வீட்டார் அனைவரும் வெளியேறியபின் ஓலமிடும் நாய்களும் உண்டு. அது குறும்பன்று, தனிமை அச்சம். அதற்குக் கதவைத் தாண்டி அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று படிப்படியாகவே பழக்க வேண்டும். திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டல் வேண்டும். காதில் சீழ் பிடித்த நாய் தலையைத் தொட்டால் சீறத்தான் செய்யும். அதற்குப் பயிற்சி மருந்தாகாது.

இரண்டாம் வாரத்தில் ஒரு சோதனை நேர்ந்தது. குரைப்பு குறைவதற்கு மாறாகக் கூடிற்று. பிஸ்கட்டை நிறுத்தியதே காரணம். இதுவரை பயன் தந்த குரைப்பு பயன் தராமற் போனால், நாய் இன்னும் உரக்கக் குரைத்துப் பார்க்கும். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். மனம் தாளாமல் ஒரேயொரு பிஸ்கட் போட்டுவிட்டால், 'இத்தனை குரைத்தால் கிடைக்கும்' என்று அது புதுக்கணக்குப் போட்டுக்கொள்ளும். எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை வலுவாக்கும். நாலு நம்பர் எடுப்போரைக் கேட்டால் இது விளங்கும். என்றோ ஒருநாள் அடித்த ஒரு நம்பருக்காக ஆண்டு முழுதும் சீட்டு வாங்குகிறவர்கள் அவர்கள். பாட்டியாரிடமிருந்த பிஸ்கட் டின்னைப் பேரப்பிள்ளைகள் ஒளித்து வைத்தார்கள். அவர் இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை.

இதற்கிடையில் நண்பர் பழச்சீப்பு ஒன்றுடன் அண்டை வீட்டாரைப் பார்த்து, செய்துவரும் ஏற்பாடுகளைச் சொல்லி, அவர் உறங்கும் நேரத்தையும் கேட்டறிந்தார். அந்நேரத்துக்கு முன்பாகவே நாயை நடத்தி வந்து களைப்புறச் செய்தார். சிங்கப்பூரில் இத்தகைய பிணக்குகளுக்கு 1998 முதல் சமூக சமரச நிலையம் இயங்கி வருகிறது. 2015 முதல் அண்டை வீட்டார் பூசல்களுக்கென நடுவர் மன்றமும் உண்டு. அவ்விடங்களுக்குப் போகுமுன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போவது நன்று என்பது நம் கருத்து.

உறுமலும் கடியும்

'குரைக்கிற நாய் கடிக்காது' என்னும் பழமொழியை நம்பிக் கையை நீட்டியவர் பலர் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குரைப்பும் உறுமலும் எச்சரிக்கைகள். அவற்றுக்கும் முன்னால் மெல்லிய அறிகுறிகள் பல உண்டு: முகத்தை அப்பால் திருப்புதல், உதட்டை நக்குதல், உடல் விறைத்து நிற்றல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல். உறுமும் நாயை அடித்தால் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமினால் விலகி நின்று, எது அதனை அஞ்ச வைத்தது என்று பார்க்க வேண்டும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியீன்ற நாயையும் பிள்ளைகள் நெருங்கலாகாது. சிறு பிள்ளையையும் நாயையும் பெரியவர் துணையின்றி ஒரே இடத்தில் விடலாகாது. எவ்வளவு சாதுவான நாயாயினும் சரியே.

கடிபட்டால் உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ, சுண்ணாம்போ, காப்பித்தூளோ வைத்தல் கூடாது. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. மலேசியாவிலோ 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டிற்று; 2017 முதல் சரவாக்கில் பரவி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறிக்கு முன் போடும் ஊசியே காக்கும். ஆதலால் நாய்க்கு உரிய தடுப்பூசியைத் தவறாது போடுவதும், கடிபட்டால் மருத்துவமனைக்கு விரைவதும் நம் பிள்ளைகளின் உயிரோடு பிணைந்த கடமைகள்.

லயத்து நாய்க்கு

தோட்டப் பாட்டாளிகளாகிய நமக்கு அடுக்குமாடி நாயின் கதை எதற்கு என்று சிலர் எண்ணலாம். தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாற, லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். போகும்போது நாயை விட்டுச் சென்றவர்களும், கொண்டுசென்று பின் விரட்டியவர்களும் உண்டு. குடிபெயர வேண்டியவர்கள், புது வீட்டில் நாய் வளர்க்க அனுமதி உண்டா என்பதை முன்னதாகவே கேட்டறிதல் நலம். அனுமதி இருப்பின், மேற்சொன்ன நடையையும் பாயையும் முதல் நாளிலிருந்தே தொடங்கலாம்.

லயத்திலேயே இருப்போருக்கும் இரு செய்திகள் உள்ளன. ஒன்று, சங்கிலி. முரட்டு நாய் என்று குறுகிய சங்கிலியில் இரவும் பகலும் கட்டிப்போடுகிறோம். அது மேலும் முரடாகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டு முற்றத்தில் சங்கிலியாற் கட்டப்பட்டிருந்த நாய்கள் கடித்த கூட்டத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்காக இருந்தது. கடிக்கும் குணமுள்ள நாயைத்தான் கட்டினார்கள் என்றும் வாதிக்கலாம். ஆயினும் ஓட வழியற்ற நாய்க்கு எதிர்த்து நிற்பது ஒன்றே வழி என்பதும் மெய்தானே. கட்டத்தான் வேண்டுமெனில், இரு கம்பங்களுக்கிடையே கம்பி கட்டி, சங்கிலி அதில் வழுக்கி ஓடும்படி அமைத்து, நிழலும் நீரும் வைத்து, நாள்தோறும் அவிழ்த்து நடத்திச் செல்லலாம். வேலியடைத்த சிறு முற்றம் அதனினும் நன்று.

மற்றொன்று, மோட்டார் சைக்கிளைத் துரத்தும் பழக்கம். விடியற்காலை இருட்டில் வெளிக்காட்டுக்குப் போகிறவர், குறுக்கே பாயும் நாயால் விழுந்து காலை முறித்துக்கொள்வது தோட்டங்களில் அறியாத செய்தியன்று. இங்கும் கணக்கு அதேதான்: வண்டி வருகிறது, நாய் துரத்துகிறது, வண்டி போய்விடுகிறது. நாய்க்கு ஒவ்வொரு வண்டியும் ஒரு வெற்றி. கல்லெறிந்தால் வண்டியின்மேல் அதற்குள்ள பகை கூடுமேயன்றிக் குறையாது. வண்டிகள் மிகுந்து போகும் அந்த ஒரு மணி நேரம் நாயை வீட்டுக்குள்ளோ வேலிக்குள்ளோ வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த மாலையில், நன்கு தெரிந்த ஒருவரை மெதுவாக வண்டியோட்டி வரச் சொல்லி, தொலைவில் வாரோடு நாயை நிறுத்தி, வண்டியின் ஓசை கேட்டதும் கறித்துண்டு கொடுத்துப் பழக்க வேண்டும். நாள்தோறும் ஓரிரு அடி நெருங்கலாம். நாய் பாய முற்பட்டால் மீண்டும் விலகிச் செல்லலாம். நாயின் நடத்தையையும் தடுப்பூசியையும் பற்றிய ஐயங்களுக்கு அருகிலுள்ள கால்நடைச் சேவை அலுவலகத்தை அணுகலாம்.

நான்கு திங்களுக்குப் பின் மறுபடியும் தெம்பனிஸ் சென்றிருந்தோம். மின்தூக்கி திறந்தது. இரண்டு முறை குரைப்பொலி கேட்டது. பிறகு நகங்கள் தரையில் உரசும் ஓசை. நாய் தன் பாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த மூதாட்டியார், "உள்ளே வா, தம்பி. அதைப் பார்க்காதே, முதுகைக் காட்டு!" என்று நமக்குக் கட்டளையிட்டார்.